சொரசொரப்பான பக்கம் வெளியே

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்து வாய் திறக்கும். திறந்த வாயிலிருந்து ஏதாவது ஒரு கிண்டல் வந்து விழும். ஐம்பதை நெருங்கியும் இந்த வரிசை மாறவில்லை. வேலூரில் குடலிறக்க ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனபோது, தள்ளியவரிடம் ஸ்பீடு பிரேக்கர் வந்தால் மெதுவாகப் போகச் சொன்னேன். அவர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. எனக்கு எவ்வளவு பயம் என்று தெரிந்துகொள்ள அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஜோக்கின் தரத்தைப் பார்ப்பாள். மட்டமாக இருந்தால் பயம் ஜாஸ்தி.

ரோபோ விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டதும் இந்த வாயால்தான்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். என் அறிவெல்லாம் அட்டைப்பெட்டியோடு முடிந்துவிடும். உள்ளே இருப்பது ஷூ, வெளியே எழுதியிருப்பதும் ஷூ என்றால் லாரியில் ஏற்றலாம். கேன்டீனுக்குப் பக்கத்தில் ஓர் அறை உண்டு. தையல் லைனில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே வந்துவிடுவார்கள். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் கிளம்பும்வரை வீட்டுப்பாடம், பிஸ்கட், சண்டை, தூக்கம் எல்லாம் அங்கேதான். எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியை நாங்கள் பையர் என்போம். பையர் ஆட்கள் போன தடவை வந்தபோது அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போய், ஊரிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தார்கள். பொம்மைக் கட்டைகள். ஒன்றோடொன்று மாட்டுகிற பிளாஸ்டிக் கட்டை, பல்சக்கரம், அச்சு, டயர், ஒரு மோட்டார், பேட்டரிப் பெட்டி. சரியாக மாட்டினால் ரோபோ ஆகுமாம்.

மீட்டிங்கில் ஹெச்.ஆர். மேனேஜர் அந்தப் பெட்டியை மேஜைமேல் வைத்து, இதை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். அந்த சாருக்குள் ஓர் உத்தரவு உட்கார்ந்திருக்கும். ஆளாளுக்குக் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார்கள். என் காது சூடானது. "ரோபோன்னா பெருசா ஒண்ணும் இல்ல சார், கைகால் மொளச்ச மிக்ஸி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்காமல், "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, நீங்களே பாத்துக்கங்க சார்" என்றார்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். பையர் ஆட்கள் தீபாவளி முடிந்து மறுபடி வருகிறார்கள். பிள்ளைகள் ரோபோ செய்து ஓட்டிக் காட்ட வேண்டும், வீடியோ எடுப்பார்கள். அப்படிக் காட்ட ஒன்றும் இல்லையென்றால் அந்த அறையை ஸ்டோருக்குக் கொடுத்துவிடலாம், காலிப் பெட்டி வைக்க இடம் பற்றவில்லை. ஸ்டோர்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்போல என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் பெட்டியோடு அறைக்குப் போனேன். பிள்ளைகள் ஒரு அரை டஜன் இருப்பார்கள். அவர்களுக்குத் தலைவி ஏழாவது படிக்கும் ஒரு பெண். இரட்டைப் பின்னல், நாக்கு ஒன்றுதான், ஆனால் பத்து நாக்கின் வேலை செய்யும். அவள் அம்மா தையல் லைனில் மெஷினில் இருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் ஒரு புத்தகம் கிடந்தது. முழுக்கப் படம், ஒரு எழுத்துகூட இல்லை. எந்த மொழி பேசுபவனுக்கும் புரியட்டும் என்று அப்படிப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் அது புரியவில்லை.

"சார், நீங்க இன்ஜினியரா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இல்லை, ஆனால் இன்ஜினியர் வீட்டு மாடியில் குடியிருந்திருக்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் மனைவிக்குச் சொந்தமாக இருப்பாளோ என்று சந்தேகம் வந்தது.

அறை போய்விடும் என்கிற சேதி எனக்கு முன்பே அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. நானும் இலேசாக, போனால் என்ன, வீட்டுக்குப் போய் ஜாலியாக டிவி பாருங்களேன் என்றேன். அந்தப் பெண் ஒரு பல்சக்கரத்தைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"ரூம் இல்லன்னா என்னை எங்க வுடறதுன்னு அம்மா வேலைய வுட்டு நின்னுடும். அப்புறம் அப்பர் எடுத்தாந்து வீட்லயே கையால தைக்கும். எங்க பெரியம்மா வீட்ல அப்படித்தான் தைக்கறாங்க. அங்க எங்கக்காவும் தைக்குது. எட்டாவதோட நின்னுடுச்சி."

அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டுக் கதவுக்குள் அது குவிந்து கிடக்கும். அம்மா தைப்பாள், பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் கை சும்மா இருக்காது. இதற்கு நான் என்ன ஜோக் சொல்வது? காது மட்டும் சூடாக, புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினேன்.

வண்டி செய்வது என்று முடிவாயிற்று. சும்மா ஓடினால் யார் பார்ப்பார்கள், ஷூவைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும் என்று ஒரு பொடியன் சொன்னான். எல்லோரும் கத்தி ஆமோதித்தார்கள். நான் மேனேஜரிடம் போய் அதைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் அன்றைக்கே பையருக்கு மெயில் போட்டுவிட்டார். கேன்டீனில் கால் உடைந்து கிடந்த மேஜையின் பலகையைக் கொண்டுவந்து, ஒரு பக்கம் நாற்காலியில் சாய்த்தோம். அதுதான் மேடு. சுமை, கைக்குழந்தைக்குச் செய்த சாம்பிள் ஷூ ஒற்றைக் கால்.

முதல் வண்டியை நான் தலைமை தாங்கிச் செய்தேன். பெரிய பல்சக்கரம் என்றால் பெரிய பலம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மோட்டாரில் பெரியதை மாட்டினேன். சக்கர அச்சில் சின்னது. தரையில் விட்டதும் வண்டி பறந்து போய்ச் சுவரில் முட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பலகையில் வைத்தோம். அடியிலேயே நின்றது. மோட்டார் மட்டும் பல்வலிக்காரன்போல முனகியது. முனகல் ஏறிக்கொண்டே போக, ஏதோ தீய்கிற வாசனை வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. வெடிக்கப் போகிறது என்று கத்திவிட்டு முதலில் வெளியே ஓடியது நான்தான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கேன்டீனில் வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் சுவிட்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விருப்பமில்லை.

அன்று ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினேன். நெருக்கியடித்து ஏற்றியிருந்தார்கள். என் மடியில் யாருடைய பையோ. மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறியது. டிரைவர் கியரைக் குறைத்தார். இன்ஜின் அலறியது, வண்டி ஆமைபோல ஊர்ந்தது, ஆனால் ஏறியது. உள்ளே ஏதோ ஒன்று வேகமாகச் சுற்றுகிறது, சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது. வேகத்தை விட்டுக்கொடுத்தால் பலம் வருகிறது. இத்தனை வருஷமாக இந்தப் பாலத்தில் ஏறுகிறேன், ஒரு நாளாவது இதைக் கவனித்திருக்கிறேனா? "அதான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஸ்டாப்பிங் போய்விட்டதாக நினைத்து டிரைவர் பாலத்தின் நடுவில் பிரேக் போட்டார். பின்னால் வந்தவர்கள் என் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அறைக்குள் நுழையும்போதே பிரசங்கத்தை ஆரம்பித்தேன். சின்னது மோட்டாரில் இருக்க வேண்டும், பெரியது சக்கரத்தில் இருக்க வேண்டும், சின்னது பலமுறை சுற்றினால்தான் பெரியது ஒருமுறை சுற்றும், அந்த மெதுவில்தான் இழுவை இருக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நேத்தே மாத்திட்டோம் சார். நீங்கதான் ஓடிட்டீங்க" என்றாள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தெரியாது, மாற்றிப் பார்த்தோம், ஏறிச்சு என்றார்கள். எனக்கு ஷேர் ஆட்டோவும் மேம்பாலமும் நாலு பேர் வசவும் தேவைப்பட்ட விஷயம்.

ஏறியது என்றால் முழுக்க ஏறவில்லை. பாதி மேட்டில் முன்பக்கம் தூக்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தது. ஷூவைப் பின்னால் வைத்திருந்தோம், எடையெல்லாம் பின்னால். பேட்டரிப் பெட்டியைப் பிடுங்கி முன்னால் மாட்டினோம். நான் எழுந்து நின்று, முதுகில் அரிசி மூட்டை வைத்தால் மனுஷன் ஏன் முன்னால் குனிகிறான் என்று நடித்துக் காட்டினேன். முதுகில் மூட்டைக்குப் பதிலாக ஒரு பொடியன் ஏறிக்கொண்டான். இன்னொருவனும் ஏறினான். இடுப்பு பிடித்துக்கொண்டது. எடை எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று ஒரு வாரம் தைலம் தடவிக்கொண்டே படித்தேன்.

அடுத்த சனியன் டயர். பின்சக்கரத்து ரப்பர் இரண்டையும் யாரோ வளையமாக விட்டெறிந்து விளையாடியதில் அவை காம்பவுண்டுக்கு வெளியே சாக்கடையோடு போய்விட்டன. வெறும் பிளாஸ்டிக் சக்கரம் மேஜைப் பலகையில் வழுக்கியது. புது ரப்பர் எங்கே கிடைக்கும் என்று நான் புலம்பிக்கொண்டிருக்கும்போதே, ஒருத்தி கட்டிங் பக்கம் போய்த் துண்டுத் தோல் வாங்கி வந்துவிட்டாள். எங்கள் ஊரில் ரப்பர் இல்லாமல் போகலாம், தோல் இல்லாமல் போகுமா? பட்டையாக வெட்டி, சொல்யூஷன் தடவி, சக்கரத்தைச் சுற்றி ஒட்டினோம். நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி, ஓரம் பிசிறாமல், இணைப்பு தெரியாமல். வேலை அவ்வளவு சுத்தம். எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வைத்திருந்தால் பாஸ் ஆகியிருக்கும்.

ஏறவில்லை. அடியில் பிடித்து ஏறியது, பாதியில் சக்கரம் சும்மா சுற்றியது, வண்டி நின்ற இடத்தில் நின்று நடனமாடியது. சரிவைக் குறைத்தோம். பேட்டரியை மாற்றினோம். மோட்டார்மேல் சந்தேகப்பட்டோம். நான் பிளாஸ்டிக்கின் தரத்தைப் பற்றி ஒரு பேச்சு பேசினேன். பையர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலமும் வண்டி நடனம்தான் ஆடியது.

மேனேஜர் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டு, பாக்கெட்டிலிருந்து நைலான் நூல் எடுத்துக் கையில் கொடுத்தார். கண்ணுக்கே தெரியாத மெல்லிசு. "முன்னாடி கட்டி மேலேர்ந்து லைட்டா இழுத்துடுங்க சார். வீடியோல யாருக்குத் தெரியப்போவுது" என்றார்.

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? காது குளிர்ந்தேவிட்டது. நாளைக்கு வண்டி ஏறும், அறை நிற்கும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். உள்ளே வந்து நூலை முன் அச்சில் முடிந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"இன்னா சார் இது?"

ஒரு பாதுகாப்புக்கு என்றேன்.

"நாம இழுத்து அது வந்தா அது ரோபோ இல்ல சார், மாடு."

தன் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். என்றைக்கும் டாட்டா சொல்வாள், அன்றைக்குச் சொல்லவில்லை. நான் முடிச்சை அவிழ்த்தேன். ஆனால் நூலைத் தூக்கிப் போடவில்லை, பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். என் தைரியம் எப்போதும் இந்த அளவில்தான் இருக்கும். வீட்டில் சாப்பிடும்போது சாம்பாரைப் பற்றி ஏதோ ஜோக் அடித்தேன். மனைவி தட்டை வைத்துவிட்டு, "அவ்ளோ மோசமா?" என்று கேட்டாள்.

பையர் ஆட்கள் சாயங்காலம் வந்தார்கள். ஒரு வெளிநாட்டு அம்மாள், கூடவே சென்னையிலிருந்து வந்த ஏஜென்ட், பின்னால் மேனேஜர், இன்னும் சில கோட்டு சூட்டு. பிள்ளைகள் தலைவாரி, பவுடர் போட்டு நின்றார்கள். வண்டிக்கும் பவுடர் போடாத குறைதான். பையர் வருகிறார்கள் என்று, பொடியன்கள் இரண்டு பேர் பினிஷிங் பக்கமிருந்து பாலிஷ் வாங்கி வந்து, சக்கரத்துத் தோலைத் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தார்கள். பார்த்ததும் நானே, சபாஷ் என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நான் தட்டிக் கொடுத்தேன்.

சுவிட்சைப் போட்டோம். வண்டி பலகையில் முன்சக்கரத்தை வைத்தது. பின்சக்கரம் சுற்றியது. முன்பெல்லாம் பாதி மேடாவது போகும். இன்றைக்கு அடியிலேயே கண்ணாடிமேல் நிற்பதுபோல வழுக்கிக்கொண்டு நின்றது. செல்போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஏஜென்ட் மெதுவாகக் கையை இறக்கினார். மேனேஜர், குழந்தைங்கதானே என்று ஆங்கிலத்தில் எதையோ இழுத்தார். இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை நேராக என் பாக்கெட்டுக்குப் போனது.

என் கையும் பாக்கெட்டுக்குப் போனது. எதிரே அந்தப் பெண் நின்றிருந்தாள். அவள் வண்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. இந்த ஆள் என்ன செய்வான் என்று அவளுக்கு முன்பே தெரியும்போல ஒரு முகம். அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. என்னைப் பற்றி எனக்கே தெரியாததை ஒரு ஏழாவது படிக்கிற பிள்ளை எப்படி முடிவு செய்யலாம்?

கையை வெளியே எடுத்தேன். நூல் விரலைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. வீரமாக உதறினேன், போகவில்லை. மறுபடி உதறினேன், சட்டைப் பட்டனில் மாட்டிக்கொண்டது. கழுதை போகட்டும் என்று அதை அப்படியே விட்டுவிட்டு, அந்த வெளிநாட்டு அம்மாளிடம், "வீல் ராங் மேடம். வெயிட் ப்ளீஸ்" என்றேன்.

எங்கள் கம்பெனியில் பையர் காத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. பையருக்காக லாரி காத்திருக்கும், கப்பல் காத்திருக்கும், எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருக்கும். மேனேஜர் என் காதுக்குள், "என்ன சார் பண்றீங்க" என்றார். காது ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்ததால் அவர் மூச்சு குளுமையாகத்தான் இருந்தது. "சக்கரத்த மாத்தறோம் சார். மாத்தினதும் ஏறும். ஏறலன்னா இல்ல. நூல் கட்ட மாட்டேன்" என்றேன். ஏறும் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வாய்தான் சொன்னது.

பிள்ளைகள் அதற்குள் வண்டியைத் திருப்பிப் போட்டுச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பெண் பட்டையின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். கையில் வைத்து, கட்டைவிரலால் மேல்பக்கம் தடவினாள், வழுக்கியது. திருப்பி அடிப்பக்கம் தடவினாள். விரல் நின்றது.

"சார், இத்தத் திருப்பி ஒட்டுனா இன்னா?"

"சீ, அது உள்பக்கம்" என்றேன்.

என்னையறியாமல் வந்தது. நான் மட்டும் இல்லை, அந்தப் பிள்ளைகளும் ஒரு நொடி அவளைத் தப்பு செய்துவிட்டவள்போலத்தான் பார்த்தார்கள். எங்கள் ஊரில் தோலைக் கையில் எடுத்தவன் முதலில் செய்வது நல்ல பக்கத்தைத் தேடுவதுதான். சொரசொரப்பு உள்ளே போக வேண்டும், வழவழப்பு வெளியே தெரிய வேண்டும். மாற்றி வைத்த துண்டு ரிஜெக்ட், மாற்றி வைத்த ஆளுக்கு வசவு. அந்த வசவைச் சாப்பாட்டோடு கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். வேறு எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் முதல் நாளே எப்படியோ ஒட்டி, பாதிக்குப் பாதி சரியாகப் போயிருக்கும். நாங்கள்தான் ஒருமனதாக, அழகாக, பாலிஷ் போட்டுத் தப்பு செய்தோம்.

உராய்வு பற்றி நானும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். வழவழப்பான பரப்பில் குறையும் என்று எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தப் படிப்பு எங்கே போய் ஒளிந்திருந்தது?

திருப்பி ஒட்டினார்கள். சொல்யூஷன் காயும்வரை ஊதினார்கள். அந்த அம்மாளும் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தார். வண்டியைப் பலகையில் வைத்தோம். சக்கரம் சுற்றியது, பிடித்தது. சின்னது ஓட, பெரியது நடக்க, பூனைபோலச் சத்தமில்லாமல் ஏறியது. பாதி மேட்டில் ஷூ ஒருபக்கம் சாய்ந்தது. எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டோம். சாய்ந்தபடியே மேலே போய்ச் சேர்ந்தது.

சத்தம் அடங்கியதும் ஏஜென்ட் சக்கரத்தைக் கவனித்தார். தோல் தொழிலில் ஊறிய மனிதர், கண் அங்கேதான் போகும். "ரிவர்ஸா ஒட்டியிருக்கே. வீடியோவுக்கு நல்லா இருக்காது. ஒருதடவை சரியாப் போட்டு எடுத்துக்கலாமா?" என்றார். மேனேஜர் தலையாட்டினார். நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"சரியாத்தான் போட்டிருக்கு. அப்படிப் போட்டா ஏறாது."

ஏஜென்ட் அதை மொழிபெயர்த்தாரோ என்னவோ, அந்த அம்மாள் சிரித்தார். பிறகு, பிள்ளைகள் தினமும் இங்கேதான் இருப்பார்களா, எதுவரை என்று கேட்டார். மேனேஜர், ஷிப்டு முடிகிற வரைக்கும், இந்த ரூமே இவங்களுக்காகத்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த அளவு ஆங்கிலம் வரும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில நாள் கழித்துச் சாயங்காலம் ஸ்டோர்காரர் டிராலி நிறையக் காலி ஷூ பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தார். மேனேஜர் சொன்னாராம், மூலையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம் என்று. மூலையில் வைக்கிற பெட்டிகள் எப்படிக் குட்டி போடும் என்பது எனக்குத் தெரியும். அது என் டிபார்ட்மென்ட்.

ஆனால் பிள்ளைகள் அந்த வாரம் வேறொன்று செய்து வைத்திருந்தார்கள். பெட்டியில் திருகாணிபோல ஒரு துண்டு இருந்தது. காது குடைய வைத்தது என்று நினைத்து நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அதை மோட்டாரில் மாட்டி, அதன்மேல் ஒரு பல்சக்கரத்தைப் பொருத்தியிருந்தார்கள். திருகாணி சுற்றினால் பல்சக்கரம் மெல்லச் சுற்றும். பல்சக்கரத்தைப் பிடித்து நாம் சுற்றினால் திருகாணி அசையாது. நான் விரல் சிவக்க முயன்று பார்த்தேன். ஒரு பக்கமிருந்துதான் நகரும், எதிர்ப்பக்கமிருந்து எவ்வளவு தள்ளினாலும் நகராது. அதை வைத்து அவர்கள் ஒரு ரயில்வே கேட் செய்திருந்தார்கள். ஜோலார்பேட்டை லைனில் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அவர்களை நிறுத்தி வைக்கிற கேட்டின் குட்டி. வாசலின் குறுக்கே, முழங்கால் உயரத்தில்.

ஸ்டோர்காரர் டிராலியோடு வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண் சுவிட்சைப் போட்டாள். முனகிக்கொண்டே கட்டை இறங்கியது. பாதி வாசலுக்குத்தான் எட்டியது. அவர் நின்று ஒரு விரலால் அதைத் தூக்கிப் பார்த்தார். வரவில்லை. கொஞ்சம் அழுத்தமாகத் தூக்கினார். சுவரில் கட்டியிருந்த கட்டைகள் கிறீச்சென்றன, கேட் வரவில்லை.

"கேட் போட்டிருக்கு" என்றாள் அவள்.

ஒரு உதை விட்டால் தூளாகும். காலைத் தூக்கித் தாண்டினால் உள்ளே வந்துவிடலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து கேட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "என்ன சார் இதெல்லாம்?" என்றார்.

காது சூடானது. வாய் திறந்தது. ஜோக்குக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. எழுந்து போய் கேட்டுக்கு உள்பக்கம், பிள்ளைகள் பக்கம் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

"இந்த ரூம் எங்களுதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள் அந்தப் பெண். "அந்தம்மா கேட்டப்ப. நாங்க எல்லாரும் கேட்டோம்."

பின்னால் ஷிப்டு முடிந்து கூட்டம் வந்துகொண்டிருந்தது. தையல் லைன் அம்மாக்கள் வாசலில் நின்றார்கள். பஸ் ஹாரன் அடித்தது. அதற்கும் யாரும் நகரவில்லை. அவள் அம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, டிராலியின் கைப்பிடியில் கைவைத்து, "வேற எடம் பாருங்கண்ணா" என்று ஸ்டோர்காரரிடம் சாதாரணமாகச் சொன்னார்.

டிராலி திரும்பிப் போனது. மேனேஜர் என்னிடம் நாளைக்குப் பேசலாம் சார் என்றார். நாளை வந்தது, அவர் பேசவில்லை. பேசினால் என்ன சொல்வது என்று நான் தயார் செய்து வைத்த பேச்சு இன்னும் பாக்கெட்டில் இருக்கிறது, பட்டனிலிருந்து எடுத்துப் போட்ட அந்த நூலோடு.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். என்ன ஜோக் அடிச்சீங்க என்று மனைவி கேட்டாள். எதுவும் அடிக்கவில்லை என்றேன். அவள் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

வெளியாட்கள் வரும்போதெல்லாம் அந்த வண்டியின் சக்கரத்தைத் திருப்பி அழகாக ஒட்டிவிடுங்கள் என்று இன்னமும் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். சரி சார் என்கிறேன். ஒட்டுவதில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே வந்ததும் அந்தப் பெண் சுவிட்சைப் போடுகிறாள், கேட் முனகிக்கொண்டே இறங்குகிறது. உள்ளே போக நான்கூட அவளைக் கேட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. நேற்று, இன்ஜினியர் வீட்டு மாடியில் குடியிருந்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். திறக்கவில்லை.